சப்-மீட்டர்

எர்ணாவூரில் வாடகைக்கு வந்தால்
இலவச யூனிட்டெல்லாம்
வீட்டுக்காரம்மாவின் மீட்டரோடு நின்றுவிடும்.
எங்களுக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி.
யூனிட் ஒன்பது ரூபாய்.
தனபாக்கியம்மாள் டார்ச் அடித்துப் பார்த்து
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதித் தருவார்.

மின்விசிறியும் அவருடையதுதான்.
எழுபத்தைந்து வாட்.
சுற்றும்போது தா, தா, தா என்று கேட்கும்,
கடன் கொடுத்தவன் உத்தரத்தில் தொங்குகிற மாதிரி.
மாற்றித் தாங்களேன் என்றேன்.
"ஓடுதில்ல?" என்றார்.
ஓடுகிறதுதான்.
அவர் ஃபேன், என் பில்.
அவருக்கு என்ன அவசரம்?

ஜாக்கெட் தைத்த காசில்
தேரடிப் பக்கம் கடைக்குப் போனேன்.
ஒவ்வொரு பெட்டியிலும் நட்சத்திர வில்லை.
ஒன்றைக் காட்டி, இது நல்லதா என்றேன்.
கடைப்பையன் சலாவுதீன் சிரித்தான்:
"போன வருஷம் இதே ஃபேனுக்கு அஞ்சு ஸ்டாருக்கா.
இப்ப மூணு.
ஃபேன் மாறல, பரீட்சை கஷ்டமாயிடுச்சி."

நட்சத்திரம் விழக் கண்டால்
உடனே பச்சை மரத்தைப் பார் என்பார்கள்.
எங்கள் தெருவில் வேம்புகூடச் சாம்பல் நிறம்.
நான் விலைச்சீட்டைப் பார்த்தேன்.
இருபத்தெட்டு வாட். மூவாயிரத்து இருநூறு.

துணி வெட்டும் பலகையில்
சாக்கட்டியால் கணக்குப் போட்டேன்.
நாற்பத்தேழு வாட் மிச்சம்,
நாளுக்கு இருபது மணி நேரம்
(தையல்காரிக்குப் பகலும் உண்டு, புழுக்கமும் உண்டு).
ஏறக்குறைய ஒரு யூனிட்.
தினம் ஒன்பது ரூபாய்,
ஒரு வருஷத்தில் ஃபேன் தன் விலையைத் தானே கட்டிவிடும்.
அப்புறம் அடிக்கிற காற்றெல்லாம் லாபம்.

எத்திராஜ் ஷிப்ட் முடிந்து வந்தார்.
அனல் மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் காண்ட்ராக்ட்.
சட்டையை வாசலில் உதறினால் ஒரு கைப்பிடி விழும்.
அவர்தான் சொன்னார்:
ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ கரி,
அதில் கால் கிலோ சாம்பலாப் போவும்.

கால் கிலோ.
கன்னியம்மா ஆற்றில் கழுத்தளவு நின்று
கையால் தடவி
ஒரு காலை முழுக்கப் பிடிக்கிற இறாலும்
இப்போதெல்லாம் அவ்வளவுதான்.
முன்பு சேற்றில் கால் புதையும்,
இப்போது சிமெண்டு மாதிரி வழுக்குது என்கிறாள்.

"எல்லாரும் இப்டி மிச்சம் புடிச்சா
சாம்பலே வராது. எனக்கு இன்னாடி வேலை?"
கேட்டுவிட்டுச் சிரித்தார், பிறகு இருமினார்.
எனக்குப் பதில் தெரியவில்லை.
இருமல் அடங்கும்வரை காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கோ ஒரு அறையில்
புள்ளிக்குப் பின்னால் எந்த எண் என்று
யாரோ இரண்டு நாள் வாதாடியிருப்பார்கள்.
டீ ஆறிப்போயிருக்கும்.
எர்ணாவூர் என்ற பெயரே கேட்டிருக்க மாட்டார்கள்.
இருக்கட்டும்.
அந்த எண் இங்கே வந்து
என் தலைக்கு மேல்
சத்தமில்லாமல் சுற்றுகிறது.

இரண்டு மாதம் கழித்து
தனபாக்கியம்மாள் பெட்டியைத் தட்டினார்.
மறுபடி தட்டினார்.
"மீட்டர் மாட்டிக்கிச்சா? இன்னா பண்ணீங்க?"
உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.
அண்ணாந்து பார்த்தார்.
முந்தானை பறந்தது.
"சத்தத்தையே காணோமே" என்றார்.
விலை கேட்டார்.
கேட்டதோடு சரி.

அவருடைய பழைய ஃபேன்
கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.
காலி செய்யும்போது மாட்டிவிட்டுப் போக வேண்டும், ஒப்பந்தம்.
புதுப்பொருளுக்குத்தானே பரீட்சை,
இதை யாரும் எழுதச் சொல்லப்போவதில்லை.
அடுத்து வருகிறவளிடம்
அது மறுபடி தா, தா என்று தொடங்கும்.

நேற்று அதை இழுத்து
ஒரு இறக்கையைத் துடைத்தேன்.
மார்க்கரால் எழுதி வைத்தேன்:
75. 28. ஒன்பது ரூபாய். தேரடி, சலாவுதீன்.
ஓடும்போது தெரியாது.
கரண்ட் போகும், எப்படியும் போகும்,
அப்போது அண்ணாந்து பார்ப்பாள்.